கொல்லையும் கேமராவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 40 அடிக்கு 60 அடி கொல்லை ஒன்று இருக்கிறது. கிணறு, துவைகல், ஓர் எலுமிச்சை, இரண்டு கறிவேப்பிலை, முருங்கை, நந்தியாவட்டை, செம்பருத்தி, வேலியோரம் எருக்கு. 2014 முதல் மாதம் தவறாமல் அதைப் படம் எடுத்து வருகிறேன். அந்தப் படங்களைப் பார்த்த உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

விலை உயர்ந்த கேமரா இல்லாமல் இதில் இறங்கலாமா?

இறங்கலாம். முதல் இரண்டு வருடம் என்னிடம் கைப்பேசி மட்டும்தான் இருந்தது. பூ, இலை, புழு, நத்தை, சிலந்தி, தவளை எல்லாவற்றுக்கும் அது தாராளமாகப் போதும். பறவைக்கு மட்டும் போதாது. திரையை விரலால் விரித்துப் பெரிதாக்கி எடுத்த தேன்சிட்டு, ஈரச் சுவரில் படிந்த கறையைப் போலத்தான் வரும். பறவை மீது ஆசை தீரவில்லை என்றால் யாரோ பயன்படுத்திவிட்டு விற்கும் கேமராவையும் 300 மி.மீ. லென்ஸையும் தேடுங்கள்.

கைப்பேசியில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பூச்சியின் மூக்கில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்விடுகிறார்கள். அவ்வளவு அருகில் சாதாரணக் கைப்பேசி லென்ஸால் தெளிவாகக் குவியவே முடியாது. ஒரு சாண் தள்ளி எடுத்துவிட்டு, வேண்டிய பகுதியைப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் ஏது பருவம்? வெயிலும் மழையும்தானே?

இதைக் கேட்காதவர் இல்லை. பருவம் என்றால் பனி மூடிய மரமும் செந்நிற மேப்பிள் இலையும் என்று நாட்காட்டிப் படங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. நம்மவர்கள் வருடத்தை ஆறாகப் பிரித்தவர்கள்: ஆவணி, புரட்டாசி கார், ஐப்பசி, கார்த்திகை கூதிர், மார்கழி, தை முன்பனி, மாசி, பங்குனி பின்பனி, சித்திரை, வைகாசி இளவேனில், ஆனி, ஆடி முதுவேனில். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பட்டியலைக் கொல்லையில் வைத்துச் சரிபார்த்தால் பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

கார்காலத்தில் மாலை இடிமழைக்கு முன் தட்டான்கள் கூட்டமாக வந்து, கிணற்றுக்கு மேலே ஆளுயரத்தில் சுற்றும். மஞ்சளும் பழுப்பும் கலந்த இந்தத் தட்டான்கள் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை கடலைக் கடக்கின்றன என்று உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் எழுதினார். துவைகல்லுக்கு மேலே பறப்பது கடல் தாண்டப் போகிறதோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு எடுத்தால் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது.

கூதிரில் வேலியில் செங்காந்தள். இந்த ஒரு பூவை மட்டும் ஐந்தாறு நாள் தொடர்ந்து எடுத்துப் பாருங்கள். பச்சையாக அவிழ்ந்து, மஞ்சளாகி, நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் முழுச் சிவப்பாகிவிடும். ஐந்து படத்தையும் வரிசையாக வைத்தால் ஐந்து வெவ்வேறு பூக்கள் என்றுதான் பார்ப்பவர் சொல்வார். கிழங்கு கடும் நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் அது நினைவில் இருக்கட்டும்.

முன்பனியில் மாவும் பூக்கத் தொடங்கும். விடியற்காலை வேலியில் எத்தனை சிலந்தி வலைகள் இருக்கின்றன என்பதை மார்கழிப் பனிதான் காட்டிக்கொடுக்கும். மற்ற மாதங்களிலும் அவை அங்கேதான் இருந்தன, நம் கண்ணுக்குத்தான் படவில்லை. பனித்துளிக்காகத் தெளிப்பானில் தண்ணீர் அடித்து எடுப்பவர்களை எனக்குத் தெரியும். அந்தத் துளிகள் குண்டும் குழியுமாக, அளவு ஒவ்வாமல் இருக்கும். உண்மைப் பனி ஒரே சீராக மணி கோத்தது போல நிற்கும். ஒரு முறை பார்த்தவரை ஏமாற்ற முடியாது.

பின்பனியில் தெருக்கோடியில் உள்ள நாட்டு வாதுமை, இலை உதிர்க்கும் முன் செக்கச் சிவந்துவிடும். நம் ஊர் இலையுதிர்காலம் அதுதான். வெயிலுக்கு எதிரே நின்று, இலை வழியாக ஒளி ஊடுருவி வரும்படி எடுத்தால் மேப்பிள் தோற்றுவிடும்.

இளவேனிலில் வேப்பம்பூ, சரக்கொன்றை, ஓயாத குயில். முதல் கோடை மழை பெய்த மறுநாள் ஆண் ஓணானைப் பாருங்கள், தலையும் தோளும் சிவந்து வேலிக்கம்பில் தண்டால் எடுத்துக்கொண்டிருக்கும். அது தூரத்திலிருந்தே நம் இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று சிறு வயதில் தொப்புளை மூடிக்கொண்டு ஓடியிருக்கிறோம். அந்தச் சிவப்பு இணை தேடும் காலத்து அலங்காரம். முதுவேனிலுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: காற்று. அதற்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது.

எந்த நேரத்தில் எடுப்பது நல்லது?

காலை ஆறிலிருந்து எட்டு வரை என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் மணியைவிடத் திசை முக்கியம் என்பது எனக்கு மூன்று வருடம் கழித்துத்தான் புரிந்தது.

எங்கள் அட்சரேகையில் சித்திரை பிறந்து நான்கைந்து நாளில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அன்று பன்னிரண்டு மணி சுமாருக்குக் கிணற்றுச் சுவருக்கு நிழலே இருக்காது. அதற்குப் பிறகு ஆவணி இரண்டாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வீட்டின் வடக்குச் சுவரோரம் வருடத்தின் பெரும்பகுதி நிழலில் கிடக்கும் பெரணியும் பாசியும் அந்த நான்கு மாதம் மட்டும் வெயில் காணும். மார்கழியில் இதற்கு நேர்மாறு: உச்சிப் பொழுதிலும் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும். அதனால்தான் மார்கழி, தை மாதங்களில் காலை பத்து மணிக்குக்கூட முகம் சுளிக்காத வெளிச்சம் கிடைக்கிறது. சித்திரையிலோ எட்டரைக்கே கடை கட்டிவிட வேண்டியதுதான்.

உங்கள் தோட்டத்தில் எந்த மூலைக்கு எந்த மாதம் வெயில் வருகிறது என்று ஒரு வருடம் குறித்து வையுங்கள். எந்த லென்ஸ் வாங்குவதைவிடவும் அது பயன் தரும்.

வண்ணத்துப்பூச்சி ஒரு இடத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறதே?

துரத்தினால் நிற்காது. அது எதற்காக உங்கள் தோட்டத்துக்கு வருகிறது என்று தெரிந்தால் அதுவே உங்களைத் தேடி வரும்.

தேன் குடிக்க வருவது ஒன்று, முட்டையிட வருவது இன்னொன்று. எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் எலுமிச்சை, கறிவேப்பிலைக் கொழுந்தில்தான் முட்டையிடும். வெந்தய வரியனுக்கு எருக்கு. கொல்லையில் எருக்கு எதற்கு, பிடுங்கிப் போடு என்று என் அத்தை ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார். கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரி போட்ட புழு அதன் இலையைக் கடிப்பதைக் காட்டிய பிறகும் சொல்கிறார். செடி மட்டும் இன்னும் இருக்கிறது.

எலுமிச்சை அழகியின் புழுவை ஒருமுறை முழுதாகப் பின்தொடர்ந்து பாருங்கள். குண்டூசித் தலை அளவு வெளிர்மஞ்சள் முட்டை. மூன்று நான்கு நாளில் வெளிவரும் புழு, கறுப்பும் வெள்ளையுமாக, இலையில் காக்கை எச்சம் விழுந்தது போலவே இருக்கும். நான் ஈரத் துணியால் துடைக்கவே போயிருக்கிறேன். பாதி வளர்ந்ததும் தோலை உரித்து ஒரே நாளில் இலைப்பச்சையாகிவிடும். விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற சிவந்த கொம்பு ஒன்றை நீட்டும். நெடி மூக்கைத் துளைக்கும். இந்தக் காட்சிக்காக ஒரு தடவை தொடலாம். பத்துத் தடவை தொடுவது கொடுமை. பிறகு நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். பச்சைத் தண்டில் இருந்தால் பச்சை, காய்ந்த குச்சியில் இருந்தால் பழுப்பு. கூட்டின் நிறம் மங்கி உள்ளே சிறகின் கோலம் தெரிகிறது என்றால் மறுநாள் காலை காப்பியை வெளியே எடுத்துப் போய்விடுங்கள். கசங்கிய சிறகு விரிந்து உலரும் வரை அது எங்கும் போகாது. அந்த நேரம் முழுக்க நமக்குத்தான்.

கறிவேப்பிலை அழகியில் வேறொரு வேடிக்கை. பெண்களில் மூன்று வடிவம் உண்டு: ஒன்று ஆணைப் போலவே இருக்கும், மற்ற இரண்டும் பறவைகள் சீண்டாத நச்சு வண்ணத்துப்பூச்சிகளான ரோஜா அழகியையும் சிவப்புடல் அழகியையும் போல வேடம் போடும். ரோஜா அழகி கிடைத்தது என்று நான் பெருமையாகக் காட்டிய முதல் படம் கறிவேப்பிலை அழகிதான். உடலின் நிறம் பார்த்துத் திருத்தினார்கள். உண்மையான ரோஜா அழகிக்கு உடல் சிவப்பு, வேடதாரிக்குக் கறுப்பு.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து பூவில் உட்காரவைத்து எடுப்பவர்கள் உண்டு. சிறகும் காலும் செயற்கையாகக் கிடக்கும் கோணத்திலேயே தெரிந்துவிடும். அதைப் படம் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சி எங்கள் தோட்டத்துக்கு வருமா?

சமவெளியில் எதிர்பார்க்க வேண்டாம். 2019இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் குடிமகன்.

செம்பருத்தியை எடுத்தால் சிவப்பு மை கொட்டியது போல் வருகிறது. ஏன்?

கேமரா மொத்த வெளிச்சத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. சுற்றிலும் கரும்பச்சை இலை இருப்பதால் படத்தை வெளிச்சமாக்கும். சிவப்பு மட்டும் அளவு மீறி வழிந்து, இதழின் நரம்பும் சுருக்கமும் காணாமல் போகும். திரையில் பூவைத் தொட்டுவிட்டு வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். படம் சற்று இருட்டாக வந்தாலும் நரம்பு தெரிந்தால் போதும், பிறகு சரிசெய்யலாம். வழிந்துபோன நிறத்தை மீட்கவே முடியாது. நந்தியாவட்டைக்கும் மல்லிகைக்கும் இதே மருந்து. நிழலில் எடுத்தால் பாதிச் சிக்கல் தானாகத் தீரும்.

ஆடிக்காற்றில் எப்படி எடுப்பது?

துணி காயப்போடும் கிளிப் ஒன்று, மூங்கில் குச்சி ஒன்று. குச்சியைச் செடிக்குப் பக்கத்தில் நட்டு, தண்டை அதோடு மென்மையாகக் கவ்வவிடுங்கள். அப்படியும் ஆடினால் கேமராவை வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். ஆடியில் நான் பழைய படங்களைத்தான் அடுக்குகிறேன்.

பறவைகளை வரவழைக்க என்ன செய்யலாம்?

தண்ணீர். தானியத்தைவிட அதுதான் பலன் தருகிறது. அகலமான, ஆழமில்லாத மண் தட்டில் இரண்டு விரல் அளவு நீர், நடுவில் கால் வைக்க ஒரு கல், பக்கத்தில் தப்பித்து ஏற ஒரு கிளை. கொசு வராமல் இருக்க இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் தட்டு சமையலறை ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. உள்ளே விளக்கை அணைத்துவிட்டால் ஜன்னலே மறைவிடம். பங்குனி வெயிலில் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாக வந்து, பேருந்து நிறுத்தத்துக் கூட்டம் போலச் சண்டை போட்டுக் குளிக்கும். எல்லாம் முடிந்து தட்டு அமைதியானதும் தையல்சிட்டு தனியாக வரும்.

ஐப்பசியிலிருந்து கொல்லையின் ஒரு மூலையைப் பெருக்காமல் விடுங்கள். வடக்கிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி, சருகைப் புரட்டிப் புழு தேடும் பறவை. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடுவதால் அந்தப் பெயர். பச்சை, நீலம், கறுப்பு, வெள்ளை, மரநிறம், வயிற்றடியில் சிவப்பு என்று அத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு சருகில் நின்றால் கண்ணுக்கே தெரியாது. எங்கள் கொல்லைக்கு இதுவரை மூன்று வருடம் வந்திருக்கிறது. ஒன்றில்தான் படம் கிடைத்தது, அதுவும் முதுகுப்பக்கம்.

தேன்சிட்டு எடுக்கப் பொறுமை மட்டும் போதாது, கோணமும் வேண்டும். ஆணின் கழுத்தில் மின்னுவது சாயம் இல்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பது. சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் ஊதா பளிச்சிடும்; பக்கவாட்டில் இருந்தால் வெறும் கறுப்பு. ஊதாத் தேன்சிட்டின் ஆண், குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் பளபளப்பை உதிர்த்துவிட்டு, பெண்ணைப் போல மங்கி, மார்பு நடுவே ஒரு கறுப்புக் கோடு மட்டும் வைத்துக்கொள்ளும். இரண்டு படத்திலும் தேதி இல்லாவிட்டால் இரண்டு பறவை என்றே நம்பிவிடுவோம்.

கூடு கட்டியிருக்கிறது. படம் எடுக்கலாமா?

வேண்டாம். ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம், ஆனால் காரணத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் எடுத்தவன்.

2016 வைகாசியில் குரோட்டன்ஸ் செடியில் தையல்சிட்டு இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்திருந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள். மறைத்துக்கொண்டிருந்த மேல் இலையை ஒரு நூலால் பின்னால் இழுத்துக் கட்டி, நாலு படம் எடுத்து, அவிழ்த்தும் விட்டேன். இலை பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பவில்லை. மறுநாள் செம்போத்து ஒன்று அந்தச் செடிக்கு அடியில் இருந்து நடந்து வெளியே வந்தது. கூட்டில் ஒன்றும் இல்லை. தாய்ப்பறவை பிற்பகல் முழுவதும் வாயில் புழுவோடு கொடிக்கம்பியில் உட்கார்ந்திருந்தது.

அந்த நாலு படமும் அருமையாக வந்திருந்தன. யாருக்கும் காட்டியதில்லை.

மழைக்காலத்தில் கேமராவை உள்ளே வைத்துவிடுவதா?

எங்கள் வருட மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிடும். அப்போது உள்ளே வைத்தால் பாதிக் கொல்லையை இழந்துவிடுவீர்கள். மழை விட்ட காலையில் மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சியைத் தேடுங்கள். சங்கப் பாட்டில் மூதாய் என்று வருவது இதுதான். சிவப்பு வெல்வெட்டில் தைத்த பொத்தான் போல இருக்கும். எட்டுக் கால், அதனால் பூச்சி என்பதைவிடச் சிலந்திக்கு உறவு. ஒரு சில மணி நேரம் ஊர்ந்துவிட்டு மறைந்துவிடும். மண்ணோடு மண்ணாகப் படுத்துத்தான் எடுக்க வேண்டும், வேட்டி போனால் போகட்டும். ஈசல் கிளம்பும் மாலையில் கரிச்சான் செய்யும் வித்தைக்கு வேறு சாட்சியே வேண்டாம்.

நந்தியாவட்டையில் இலைகள் திடீரென்று குறைந்தால் கிளையைத் திருப்பிப் பாருங்கள். விரல் பருமனில் பச்சைப் புழு ஒன்று இருக்கலாம். தொந்தரவு செய்தால் தலையைக் குனிந்து, கழுத்தருகே நீலக் கண் இரண்டைக் காட்டும். அவை கண்ணே இல்லை, வெறும் புள்ளிகள். பறவையை மிரட்ட அதுவே போதுமாக இருக்கிறது. அலரியிலும் இதே புழு வரும். மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த பெரிய அந்துப்பூச்சியாக இரவில் வெளிவரும்.

லென்ஸுக்கு மழையைவிட மழைக்குப் பிந்தைய புழுக்கம்தான் எதிரி. தோல் பையில் போட்டு பீரோவில் வைத்த என் முதல் லென்ஸுக்குள் இரண்டே மாதத்தில் பூஞ்சை வேர்விட்டது. இப்போது காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும் (அந்த வாணலி இனி சமையலுக்கு வேண்டாம்). ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துப் போனால் கண்ணாடி வியர்த்துவிடும். அரைமணி நேரம் பைக்குள்ளேயே திண்ணையில் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

எடுத்தது என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வண்ணத்துப்பூச்சி என்றால் சிறகின் மேற்புறம், அடிப்புறம் இரண்டும் வேண்டும். செடி என்றால் பூவை மட்டும் எடுக்காமல் இலையையும் தண்டில் அது அமைந்திருக்கும் முறையையும் எடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் அது ஒரு பெயரை ஊகிக்கும், பிறகு அறிந்தவர்கள் உறுதி செய்வார்கள் அல்லது திருத்துவார்கள். வீட்டுத் தோட்டம் என்பதால் இடத்தைத் தோராயமாகக் காட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள். பறவைக்கு இ-பேர்ட். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் கொல்லையில் நின்று கால் மணி நேரம் எண்ணினாலே கலந்துகொள்ளலாம்.

அடுக்குமாடியில் பால்கனி மட்டும்தான். பயனுண்டா?

ஒரு தொட்டி எலுமிச்சை, ஒரு தொட்டி கறிவேப்பிலை, ஒரு தொட்டி இட்லிப்பூ. பூச்சிமருந்து வேண்டாம். முட்டையிட வண்ணத்துப்பூச்சி சில மாடிகள் ஏறி வரும்.

ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டால்?

அன்றைக்கே பாதியை அழித்துவிடுங்கள். மிச்சத்துக்குத் தேதி, தமிழ் மாதம், செடி, உயிர் என்று பெயரிடுங்கள். தமிழ் மாதத்தை ஏன் சேர்க்கிறேன் என்று கேட்பார்கள். ‘முருங்கை, பங்குனி’ என்று தேடினால் பத்து வருடப் பங்குனியும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கிறது. எந்த வருடம் பூ முந்தியது, எந்த வருடம் கம்பளிப்பூச்சி அப்பியது என்று அப்போதுதான் தெரிகிறது.

தொடர்ந்து எடுத்து வந்த மரம் விழுந்துவிட்டால் என்ன செய்வது?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்ததும் பார்த்தால் கிணற்றடிப் பூவரசு வேரோடு சாய்ந்து, முருங்கை மூன்றாக ஒடிந்து, பக்கத்துத் தோப்பில் தென்னைகள் தீப்பெட்டிக் குச்சிகள் போலக் கிடந்தன. நான்கு வருடமாக மாதம் ஒருமுறை அதே படியில் நின்று அந்தப் பூவரசை எடுத்திருந்தேன். கரண்ட் வரப் பல நாள் ஆனது, கேமராவைத் தொட மனமே இல்லை.

டிசம்பரில் வழக்கமான தேதிக்கு அதே படியில் நின்று, அதே சட்டகத்தில், மரமில்லாத வானத்தை எடுத்தேன். அடுத்த மாதமும். மாசியில் வெட்டுண்ட அடிக்கட்டையிலிருந்து மூன்று துளிர் வந்திருந்தது. பங்குனியில் அதன் நிழலில் இல்லாமல் முதல் முறையாக முழு வெயிலில் நின்ற எருக்கு, இடுப்பளவு உயர்ந்து பூத்திருந்தது. அந்த வருடம் எடுத்த வெந்தய வரியன் படங்கள் 61. அதற்கு முந்தைய நான்கு வருடத்துக்கும் சேர்த்து 19.